துண்டு போட்ட இடம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு செல்ஃப் சர்வீஸ் ஓட்டல். பயிற்சி முகாம் முடிந்து ஏழு பேர் சாப்பிடப் போயிருந்தோம். உள்ளே நிற்கக்கூட இடமில்லை. இரண்டு பேர் டோக்கன் வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் தட்டு வாங்கும் இடத்துக்குப் போனார்கள். எங்களோடு வந்திருந்த முதலாமாண்டு கல்லூரி மாணவி ஒருவர், காலியான ஒரு மேசைமேல் தன் நோட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நோட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இது நாங்க பிடிச்சு வெச்ச எடங்க" என்றார் மாணவி.

"எந்த ஊரு பாப்பா?"

ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் தன் ஊரின் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

மாணவி பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். அன்று எல்லோரும் சுவரோரமாக நின்றே சாப்பிட்டோம். "விடுங்க தோழர், ஒரு மேசைதானே" என்றார் கூட வந்த ஒருவர். ஒரு மேசைதான். ஆனால் அந்த மனிதர் வேறு எதையும் கேட்டிருக்கலாம். "எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டிருக்கலாம். "சாப்பாடு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டிருக்கலாம். மேசையைப் பற்றிய பேச்சில் அவர் வாயிலிருந்து வந்தது சேரியைப் பற்றிய கேள்வி. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

துண்டு யாருடையது?

மேசைமேல் வைத்த ஒரு நோட்டு எப்படி ஒரு இடத்தைக் காக்கிறது? நோட்டுக்குக் கை கால் இல்லை, அதனால் யாரையும் தடுக்க முடியாது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1971இல் வெளியான தன் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொது இடத்தில் நாம் விட்டுச்செல்லும் பை, குடை, செய்தித்தாள் போன்றவை "இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அடையாளங்கள் என்பது அவர் கருத்து. நாம் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த அடையாளத்துக்குத் தனியாக வலிமை கிடையாது. அதை வைத்த ஆளை மற்றவர்கள் மதித்தால்தான் அது வேலை செய்யும். மேசைமேல் கார் சாவி இருந்தால் யாரும் தள்ளி வைப்பதில்லை. நோட்டைத் தள்ளி வைக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல்வழக்கே உண்டு: துண்டு போட்டு வைப்பது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடிப்பதைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேர்தல் சமயத்தில் "அந்தத் தொகுதிக்கு அவர் துண்டு போட்டுட்டார்" என்பார்கள். பெண் பார்ப்பதற்கும் வேலைக்கும்கூட இதைச் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் துண்டு போடலாம் என்பதுபோல இந்தச் சொல் புழங்குகிறது.

ஆனால் துண்டு என்ன சாதாரணத் துணியா? நம் தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள். பண்ணையாளாக இருந்தவர், எதிரில் பண்ணையக்காரர் வந்தால் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். ஊர்த் தெருவுக்குள் தோளில் துண்டோடு நடக்கக் கூடாது. இந்தச் சமவெளியில் பெரும்பான்மைத் தலித் மக்களான அருந்ததியர் குடும்பங்களில் எந்தப் பெரியவரிடம் பேசினாலும் இந்தக் கதையின் ஏதாவது ஒரு துண்டு கிடைக்கும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டவர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. உடம்பில் என்ன துணி கிடக்க வேண்டும், கையில் என்ன பாத்திரம் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தோளில் துண்டு போடவே விடப்படாதவர், சீட்டில் எப்படித் துண்டு போடுவார்?

அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் உட்கார ஒரு சாக்குத் துணியை வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டியிருந்தது. மாலையில் அதைத் திரும்ப எடுத்துவர வேண்டும். வகுப்பறையைப் பெருக்கும் ஆள்கூட அதைத் தொடமாட்டார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். ஒருவர் துணியைப் போட்டால் அது இடத்தைப் பிடிக்கிறது. இன்னொருவர் துணியைப் போட்டால் அது அவரை ஒதுக்கி வைக்கிறது. துணி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஓட்டல் வந்த பிறகு

காசு கொடுத்து வெளியில் சாப்பிடுவது நம் நாட்டில் பழைய வழக்கம் அல்ல. சத்திரமும் அன்னதானமும் இருந்தன, அவற்றிலும் சாதிக்கொரு பந்தி இருந்தது. யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதற்கு நம் பக்கத்தில் 'பொழங்கற சாதி', 'பொழங்காத சாதி' என்று கணக்கே உண்டு. ரயிலும் நகரமும் வந்த பிறகு முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே கூரையின் கீழ் சாப்பிட வேண்டிய நிலை வந்தது. சாதி அதற்கும் வழி கண்டுபிடித்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடமும் மற்றவர்களுக்குத் தனி இடமும் இருந்தன. பெரியாரும் நீதிக்கட்சியும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941இல் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது.

அதன் பிறகும் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டிருந்தது. 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்பாகத் திராவிடர் கழகம் மறியல் தொடங்கியது. பல மாதங்கள் நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் நீங்கியது. அந்தக் கழகத்துக்கு 1944 ஆகஸ்டில் பெயர் சூட்டப்பட்டது நம் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். இந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம்.

அதே சமயம் ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். நகரத்து ஓட்டலில் சாதியை எழுதிவைக்க ஒரு பலகை தேவைப்பட்டது. எழுதியதை அழிக்கச் சொல்லிப் போராட முடிந்தது. கிராமத்து டீக்கடையில் எந்தப் பலகையும் தேவைப்படவில்லை. கடைக்காரருக்கு ஒவ்வொரு ஆளின் தாத்தா பெயரும் தெரியும். பெரும்பாலும் அவர் பிராமணரும் அல்ல.

டீக்கடை பெஞ்சு

இரட்டைக் குவளை என்றதும் நாம் குவளையை மட்டும் நினைக்கிறோம். கொட்டாங்கச்சி, பிறகு அலுமினிய டம்ளர், பிறகு கடைக் கூரையில் செருகிவைத்த தனி கிளாஸ், குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டிய கிளாஸ். இவை எல்லாம் உண்மை. ஆனால் எங்களிடம் பேசிய பெரியவர்கள் பலர் குவளைக்கு முன்னால் சொன்னது பெஞ்சைத்தான். கடை வாசலில் பெஞ்சு காலியாகக் கிடக்கும். நம் ஆட்கள் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடிப்பார்கள். பெஞ்சுமேல் யாரும் துண்டு போட்டு வைக்கவில்லை. இருந்தாலும் அது முழுவதும் பிடித்துவைத்த இடம். இன்று வராத ஆளுக்காகவும், நாளைக்கு வரப்போகும் ஆளுக்காகவும், ஊருக்காகவே பிடித்துவைத்த இடம்.

இதைவிடப் பெரிய 'சீட்டுப் பிடித்தல்' உலகத்தில் கிடையாது. ஓட்டலில் நாலு பேருக்காக ஒருவர் பத்து நிமிடம் மேசையைப் பிடித்தாலே நமக்குக் கோபம் வருகிறது. ஒரு சாதி மொத்தமாக எல்லாப் பெஞ்சுகளையும் நூற்றாண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருந்தபோது அதற்கு 'ஊர் வழக்கம்' என்று பெயர் வைத்தார்கள். 'மரியாதை' என்றார்கள்.

இது பழங்கதை இல்லை. 2006இல் வெளியான 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆய்வு, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டது. டீக்கடைகளிலும் ஓட்டல்களிலும் தனி இருக்கை, தனிக் குவளை இரண்டும் நடப்பில் இருந்ததை அது பதிவு செய்தது. மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் மணி தலைமையில் பெரியார் திராவிடர் கழகம் இரட்டைக் குவளைகளை உடைக்கும் போராட்டத்தை நடத்தியதும் 2000த்துக்குப் பிறகுதான்.

பிறகு கடைகளுக்குப் பேப்பர் கப் வந்தது. பல ஊர்களில் எல்லோருக்கும் பேப்பர் கப் கொடுத்ததால் குவளைப் பிரச்சினை 'தீர்ந்தது'. சில ஊர்களில் நமக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். இரண்டாவது வகையை உடனே கண்டுபிடித்துவிடுவோம். முதல் வகையில் யார் எச்சிலை யார் கழுவுவது என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி எழவில்லை என்பதால் பதில் மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கப் மாறிய கடைகளில் பெஞ்சு மாறியதா என்று போய்ப் பாருங்கள்.

சட்டம் நாற்காலியைப் பற்றி என்ன சொல்கிறது?

நம் இளைஞர்கள் பலருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரியும். ஓட்டல் என்ற சொல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கூறு 15(2), கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றில் நுழைய எந்தக் குடிமகனுக்கும் சாதியின் பேரால் தடை போடக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று இந்தக் கூறு அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்றால் எது என்ற கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அதற்கு மிக விரிந்த பொருள் கொடுத்தார். வருகிறவர்களுக்குச் சேவை தரத் தயாராக இருக்கும் எந்த இடமும் கடைதான் என்றார். தீண்டாமையை ஒழிக்கும் கூறு, இன்றைய 17, அதே நாளில்தான் நிறைவேறியது.

1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவு, உணவகத்தில் நுழையவிடாமல் தடுப்பதையும் அங்குள்ள பாத்திரங்களையும் பொருட்களையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015 திருத்தத்தின் மூலம் கடைகளில் நுழைவதும் பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்துவதும் சேர்க்கப்பட்டன. அதில் தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை.

இவற்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பதற்கு எந்தப் பிரிவு? அவர் நம் மாணவியைத் திட்டவில்லை, தடுக்கவில்லை, தொடவும் இல்லை. கேள்வி மட்டும் கேட்டார். மாணவி தானாகவே எழுந்து வந்ததாகத்தான் பார்த்தவர்கள் சொல்வார்கள். சட்டம் கதவைத் திறந்துவிடும். நாற்காலியில் உட்காருகிற உறுதியை நாம்தான் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும்.

உட்கார்ந்ததே போராட்டமாக

1960 பிப்ரவரி 1. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரம். நான்கு கறுப்பின மாணவர்கள், எல்லோருமே முதலாமாண்டுக்காரர்கள், உல்வொர்த் கடைக்குள் போனார்கள். அந்தக் கடையில் கறுப்பின மக்கள் பற்பசை வாங்கலாம், நோட்டு வாங்கலாம். சாப்பாட்டுக் கவுன்டரில் உட்கார மட்டும் முடியாது. நான்கு பேரும் காபி கேட்டு உட்கார்ந்தார்கள். கடைக்காரர்கள் கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள். வகுப்புக்குப் போக வேண்டியவர் எழுந்தால் அடுத்தவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வெள்ளை இளைஞர்களும் வந்து, மாணவர்கள் உட்காராதபடி இருக்கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிட யாருக்கும் அவசரமில்லை. யார் இருக்கை என்பதுதான் அங்கே வழக்கு.

ஜூலை 25 அன்று அந்தக் கவுன்டர் எல்லோருக்கும் திறந்தது. முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் யார் தெரியுமா? அதே கடையில் வேலை செய்த கறுப்பினப் பணியாளர்கள். உணவு தயாரித்துக் கொடுத்தும் அதுவரை அங்கே உட்கார முடியாமல் இருந்தவர்கள். அந்த இருக்கைகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

செல்ஃப் சர்வீஸ் என்ற வாய்ப்பு

பழைய ஓட்டலில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து யாரை எங்கே உட்கார வைப்பது என்று பார்ப்பார். செல்ஃப் சர்வீஸில் அப்படி ஒரு ஆள் இல்லை. டோக்கனில் எண் மட்டும்தான் இருக்கும், சாதி இருக்காது. 47க்குப் பிறகு 48தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளியும் சங்ககிரி லாரி ஓட்டுநரும் நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளியும் ஒரே வரிசை. இந்த வரிசை நமக்கு லாபம். கிராமத்து டீக்கடையைவிட நகரத்துக் கூட்டம் நமக்கு நல்லது என்று அம்பேத்கர் நகரத்தைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

ஆனால் வரிசை கவுன்டரோடு முடிகிறது. தட்டை வாங்கித் திரும்பியதும் யார் எங்கே உட்காருவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். முதலாளி செய்த வேலையை இப்போது வாடிக்கையாளர்கள் செய்கிறார்கள். அங்கேதான் 'எந்த ஊரு' வருகிறது. அங்கேதான் நம் பிள்ளைகளின் கை தயங்குகிறது. "அவர் கேட்டதும் நோட்டு என்னுதுங்கறதே எனக்கு மறந்துபோச்சுங்க்கா" என்றார் அந்த மாணவி.

நம் பக்கத்துத் தவறு

இதை எழுதும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் மதிய உணவு. நாற்காலிகள் குறைவு. எங்கள் குழுவினர் நோட்டீஸ் கட்டுகளையும் பைகளையும் வைத்து ஒரு வரிசை முழுவதையும் பேச்சாளர்களுக்காகப் பிடித்து வைத்திருந்தோம். பேச்சாளர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிய அம்மா ஒருவர், அவரும் நம் மக்கள்தான், தட்டோடு தூண் ஓரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் வெகுநேரம் கழித்துப் பார்த்து, "உக்காருங்கம்மா" என்றார். "இருக்கட்டும் கண்ணு, நின்னுட்டே சாப்புட்டுப் பழக்கம்" என்றார் அந்த அம்மா.

பத்து நாற்காலி காலியாக இருந்தது. சமத்துவத்தைப் பற்றிப் பேச வந்தவர்களுக்காகப் பிடித்து வைத்த நாற்காலிகள். டீக்கடை பெஞ்சைப் பற்றி மேலே எழுதியதை இங்கே திரும்பப் படித்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் குழுவில் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். தட்டு கையில் இருப்பவருக்கே இருக்கை, பைக்கும் வராத ஆளுக்கும் இல்லை. வயதானவர், கைக்குழந்தையோடு இருப்பவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்காக ஒருவர் முன்கூட்டி இடம் பிடிக்கலாம், அதில் தவறில்லை. நாலு பேர் மேசையில் இரண்டு பேர் இருந்தால், எதிரில் நிற்பவரைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்று நாமே சொல்ல வேண்டும், யாரென்று கேட்கக் கூடாது. நம் கூட்டங்களில் சமைத்தவரும் பெருக்கியவரும் முதல் பந்தியில் உட்கார வேண்டும். கடைசியாக ஒன்று: நம்மில் ஒருவர் பிடித்த இடத்தை ஒருவர் சாதி கேட்டு எடுத்துக்கொண்டால், நாம் எல்லோரும் அந்த மேசைக்குப் போக வேண்டும். சண்டைக்கு அல்ல, கூடவே உட்காருவதற்கு.

அன்று நாங்கள் அதைச் செய்யவில்லை. ஏழு பேர் இருந்தும் சுவரோரம் நின்றோம். அந்த மேசையில் இன்னும் இரண்டு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

போன வாரம் அந்த மாணவி திரும்பவும் சேலம் வந்திருந்தார். அதே ஓட்டலுக்குத்தான் போக வேண்டும் என்றார். கூட்டம் அதேபோல இருந்தது. ஒரு மேசையில் நோட்டை வைத்தார். இந்த முறை கை கழுவப் போகவில்லை, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். தட்டோடு நின்ற ஒரு பாட்டியைப் பார்த்து, எதிர் நாற்காலியைக் காட்டி, "இங்க வாங்க ஆத்தா" என்றார். பாட்டி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார்.

மாணவி ஊர்ப் பெயரைச் சொன்னார். பிறகு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்காமல், "அம்பேத்கர் காலனிங்க ஆத்தா" என்றார். பாட்டி தலையாட்டிவிட்டு, ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றார். இரண்டு பேரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

ஜெய்பீம்.